கேபிள் சுவருக்கு சைடிங் பலகை: கம்ப்யூட்டரில் வரைவது எப்படி?

வீட்டை முப்பரிமாணத்தில் வரைந்து பார்க்க உதவும் புரோகிராம்கள் பல உள்ளன. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இவற்றில் ஏதாவது ஒன்றைத் திறந்து, நான்கு சுவர், ஒரு கதவு, இரண்டு ஜன்னல் என்று முதல் நாளே வரைந்து விடுகிறார்கள். மேலே கூரையும் போட்டு விடுகிறார்கள். அதன் பின்னர் கூரையின் முனையில் இருக்கும் முக்கோணத்தில் வந்து நின்று விடுகிறார்கள். கீழே ஒரு நிறம், மேலே முக்கோணத்திற்கு வேறு பலகை என்று வரைய முயன்றால், சுவர் முழுவதும் ஒரே நிறமாக மாறுகிறது. அல்லது முக்கோணமே காணாமல் போய்க் கூரைக்கும் சுவருக்கும் இடையே வானம் தெரிகிறது. இது ஏன் வருகிறது, எப்படிச் சரி செய்வது என்று பார்ப்போம்.

முதலில் சொற்கள். இருபுறமும் சரிந்து நடுவில் உச்சி கொண்ட கூரையைக் கேபிள் கூரை என்கிறார்கள். (டிவி கேபிளுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, ஆங்கிலத்தில் எழுத்து வேறு.) இந்தக் கூரையின் இரண்டு முனைகளிலும் சுவர் முக்கோணமாக மேலே எழுந்து உச்சியைத் தொடும். நம் ஊர் மங்களூர் ஓட்டு வீடுகளின் பக்கச் சுவரைப் பார்த்தால் புரியும். நாம் அதைச் செங்கல் வைத்துக் கட்டிப் பூசி விடுகிறோம். அமெரிக்காவில் பெரும்பாலான தனி வீடுகள் மரச் சட்டங்களால் ஆனவை. சட்டத்தின் வெளிப்பக்கத்தில் மழையும் வெயிலும் உள்ளே போகாதபடி பலகைகளை ஒன்றன் மேல் ஒன்று சற்றே படியும்படி அடுக்கி அடிப்பார்கள். அதற்குப் பெயர் சைடிங். மரம், வினைல் பிளாஸ்டிக், பைபர் சிமெண்ட் என்று பல வகைகளில் கிடைக்கிறது.

முக்கோணத்திற்கு மட்டும் தனி சைடிங் போடுவது அங்கே பழைய பழக்கம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டப்பட்ட குவீன் ஆன் பாணி வீடுகளில் கீழே நீளப் பலகையும், மேலே முக்கோணத்தில் மீன் செதில் போன்ற சிறு மர ஓடுகளும் இருக்கும். இன்று கட்டும் வீடுகளிலும் கீழே செங்கல், மேலே பலகை என்று கலந்து போடுகிறார்கள். அமெரிக்க வீடுகளுக்கான வரைபட வேலையை இங்கிருந்தே செய்து கொடுக்க விரும்புபவர்களும், அங்கே வீடு வாங்கியுள்ள மகனுக்கோ மகளுக்கோ ஒரு யோசனை வரைந்து காட்ட விரும்புபவர்களும் இந்த ஒரு இடத்தைத் தெரிந்து வைத்துக் கொள்வது நல்லது. பலகை வாங்கும் கணக்கு அதிகம் பிசகும் இடமும் இதுதான்.

எந்த புரோகிராம்?

புதியவர்களுக்கு நான் சொல்வது ஸ்கெட்ச்அப். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் போல்டர் நகரில் இருந்த அட் லாஸ்ட் சாப்ட்வேர் என்ற நிறுவனம் 2000ஆம் ஆண்டில் இதை வெளியிட்டது. 2006ல் கூகுள் வாங்கியது. 2012ல் டிரிம்பிள் நிறுவனத்தின் கைக்கு மாறியது. முன்பு கம்ப்யூட்டரில் இறக்கிப் பதியும் இலவசப் பதிப்பு இருந்தது. 2017க்குப் பிறகு அதில் புதிய பதிப்பு வரவில்லை. அதற்குப் பதிலாக பிரவுசரிலேயே இயங்கும் இலவசப் பதிப்பைத் தந்துள்ளனர். ஆப் டாட் ஸ்கெட்ச்அப் டாட் காம் என்ற முகவரிக்குச் சென்று ஒரு அக்கவுண்ட் திறந்தால் போதும். இலவசப் பதிப்பு சொந்த உபயோகத்திற்கு மட்டும்தான். வரைந்து கொடுத்துப் பணம் வாங்கப் போகிறீர்கள் என்றால் கட்டணப் பதிப்பு வாங்க வேண்டும்.

சுருள் சக்கரம் உள்ள மவுஸ் ஒன்று அவசியம். லேப்டாப்பின் டச்பேடை வைத்துக் கொண்டு முப்பரிமாணத்தில் வரைவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. சக்கரத்தை உருட்டினால் படம் அருகே வரும், தள்ளிப் போகும். சக்கரத்தை அழுத்திக் கொண்டு இழுத்தால் வீட்டைச் சுற்றி வரலாம்.

வீட்டின் உருவம்

24 அடி அகலம், 36 அடி நீளம் உள்ள ஒரு சிறிய வீட்டை எடுத்துக் கொள்வோம். சுவர் உயரம் 8 அடி. கூரைச் சரிவு 6க்கு 12. அதாவது கிடையாக 12 அங்குலம் போனால் 6 அங்குலம் உயரும். அமெரிக்க வரைபடங்களில் சரிவை டிகிரியில் சொல்லாமல் இப்படித்தான் சொல்வார்கள்.

வீட்டின் அகலத்தில் பாதி 12 அடி. ஆகவே உச்சி, சுவரின் மேல் விளிம்பிலிருந்து 6 அடி உயரத்தில் இருக்கும். இந்த 6 அடியைக் குறித்துக் கொள்ளுங்கள்.

அடி, அங்குலம் உள்ள டெம்ப்ளேட்டைத் தேர்ந்தெடுத்துப் புதிய பைலைத் திறக்கவும். கீபோர்டில் ஆர் எழுத்தை அழுத்தினால் ரெக்டாங்கிள் கருவி வரும். சிவப்பு, பச்சை, நீலக் கோடுகள் சந்திக்கும் இடத்தில் ஒரு முறை கிளிக் செய்து, மவுஸைச் சற்று நகர்த்தவும். பின்னர் எங்கும் கிளிக் செய்யாமல் 24',36' என்று டைப் செய்து என்டர் தட்டவும். எண்ணுக்குப் பின்னால் உள்ள ஒற்றை மேற்கோள் குறி அடியைக் குறிக்கும். பலர் இந்த எண்களை டைப் செய்ய ஒரு கட்டத்தைத் தேடுகிறார்கள். தேட வேண்டாம், டைப் செய்தாலே கீழே மூலையில் தானாகத் தெரியும். 24 அடி சிவப்புக் கோட்டின் திசையில் போயிருக்கிறதா என்று பார்த்துக் கொள்ளவும்.

அடுத்து பி எழுத்து. இது புஷ்/புல் கருவி. செவ்வகத்தின் மேல் கிளிக் செய்து மேலே இழுத்து 8' என்று கொடுத்து என்டர் தட்டினால் பெட்டி எழும்பும்.

இப்போது கூரை. எல் எழுத்தை அழுத்தி லைன் கருவியை எடுக்கவும். பெட்டியின் மேற்பரப்பில் 24 அடி விளிம்பின் நடுவே கர்சரைக் கொண்டு சென்றால், நடுப்புள்ளி என்று புரோகிராமே காட்டும். அங்கே கிளிக் செய்து, எதிர்ப்பக்க விளிம்பின் நடுப்புள்ளியில் மீண்டும் கிளிக் செய்யவும். மேற்பரப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். ஸ்பேஸ் பாரைத் தட்டி அந்த நடுக்கோட்டைத் தேர்ந்தெடுத்து, எம் எழுத்தை அழுத்தி மூவ் கருவிக்குச் செல்லவும். கோட்டின் ஒரு முனையில் கிளிக் செய்து, கீபோர்டின் மேல் அம்புக்குறியை ஒரு முறை தட்டவும். இனி அது செங்குத்தாக மட்டுமே நகரும். மேலே இழுத்து 6' கொடுத்து என்டர் தட்டினால் கூரை எழுந்துவிடும்.

பிரச்னை எங்கே?

வீட்டை முன்பக்கமாகத் திருப்பி, முன்சுவர் மீது ஸ்பேஸ் பார் கருவியால் ஒரு கிளிக் செய்து பாருங்கள். கீழே உள்ள செவ்வகமும் மேலே உள்ள முக்கோணமும் சேர்ந்து ஐந்து மூலைகள் கொண்ட ஒரே பரப்பாகத் தேர்வாகும். நம் கண்ணுக்கு அது சுவர், கேபிள் என்று இரண்டு. கம்ப்யூட்டருக்கு அது ஒன்றுதான். பெயிண்ட் பக்கெட்டை எடுத்து எங்கே தொட்டாலும் முழுவதும் நிறம் மாறுவதற்குக் காரணம் இதுதான்.

தீர்வு மிக எளிது. லைன் கருவியால் இடது பக்கம் சுவரும் கூரையும் சேரும் மூலையில் கிளிக் செய்து, வலது பக்கம் அதே மூலையில் கிளிக் செய்யவும். கோடு போகும் போது சிவப்பாகத் தெரிய வேண்டும். அப்போதுதான் அது நேராகப் போகிறது என்று பொருள். கோடு முடிந்ததும் பரப்பு இரண்டாகிவிடும். இனி பி எழுத்துக்கு அருகில் உள்ளது போலத் தோன்றினாலும் வேறான பி, அதாவது பெயிண்ட் பக்கெட்டின் ஆங்கில எழுத்தை (பந்தின் முதல் ஓசை) அழுத்தி, செங்கல், சைடிங் வகைகள் உள்ள தொகுப்பைத் திறந்து, கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாகத் தொட்டு நிறைக்கலாம். எழுத்துக் குழப்பம் வேண்டாம் என்றால் டூல்பாரில் உள்ள பெயிண்ட் வாளிப் படத்தையே கிளிக் செய்யவும்.

வேறு புரோகிராம்களில் இதே பிரச்னை வேறு உருவத்தில் வரும். சீஃப் ஆர்க்கிடெக்ட், அதே நிறுவனத்தின் ஹோம் டிசைனர் ஆகியவற்றில் சுவரைத் திறந்து அது முழு கேபிள் சுவர் என்று குறித்தால் கூரை அதற்கேற்ப எழும். முக்கோணத்தை புரோகிராமே அட்டிக் வால் என்ற பெயரில் தனிச் சுவராக உருவாக்கும். அந்தச் சுவர் கீழ்த் தளத்தில் இருக்காது. அட்டிக் தளத்தில்தான் இருக்கும். கீழ்த் தளத்துச் சுவரை எத்தனை முறை மாற்றினாலும் முக்கோணம் மாறாமல் அடம் பிடிப்பது இதனால்தான். அட்டிக் தளத்திற்குச் சென்று அந்தச் சுவரைத் திறந்து மாற்ற வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் ஸ்வீட் ஹோம் 3டியில், சுவரை மாற்றும் டயலாக் பாக்ஸில் சரிவான சுவர் என்று ஒரு வசதி உண்டு. தொடக்கத்தில் ஒரு உயரமும் முடிவில் ஒரு உயரமும் கொடுக்கலாம். மேலே ஒரு தளத்தைச் சேர்த்து, அதில் 12 அடியில் இரண்டு சரிவுச் சுவர்களை உச்சியில் சந்திக்கும்படி வரைந்தால் முக்கோணம் கிடைக்கும். தனிச் சுவர் என்பதால் அதற்குத் தனிப் படமும் போடலாம்.

படம் வேறு, பலகை வேறு

பெயிண்ட் பக்கெட்டால் நிறைத்ததும் வீடு அழகாகத் தெரியும். பலரும் இங்கேயே நிறுத்தி விடுகிறார்கள். வீட்டில் உள்ளவர்களுக்குக் காட்டுவதற்கு இது போதும். ஆனால் அது சுவரில் ஒட்டிய ஒரு படம் மட்டுமே. அதில் தெரியும் பலகைகளின் அகலத்திற்கும் கடையில் கிடைக்கும் பலகைக்கும் தொடர்பு இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. எத்தனை பலகை வேண்டும், உச்சியில் எவ்வளவு சிறிய துண்டு வரும் என்பதை அந்தப் படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஆகவே முக்கோணத்தில் பலகை வரிசைகளை நாமே வரைவோம். பைபர் சிமெண்ட் பலகைகளில் எட்டேகால் அங்குல அகலம் உள்ளது அதிகம் பயன்படுகிறது. ஒன்றேகால் அங்குலம் மேல் பலகையின் அடியில் மறைந்து, 7 அங்குலம் வெளியே தெரியும். நீளம் 12 அடி.

டி எழுத்தை அழுத்தி டேப் மெஷர் கருவியை எடுக்கவும். முக்கோணத்தின் அடிக்கோட்டில், முனைகளையும் நடுப்புள்ளியையும் தவிர்த்து, வேறு ஏதாவது இடத்தில் கிளிக் செய்து மேலே இழுத்து 7" கொடுத்து என்டர் தட்டவும். புள்ளிக் கோடு ஒன்று தோன்றும். இது வழிகாட்டிக் கோடு. வரைபடத்தின் பாகம் அல்ல. அதைத் தேர்ந்தெடுத்து மூவ் கருவியை எடுத்து, கண்ட்ரோல் கீயை ஒரு முறை தட்டவும். கர்சரில் கூட்டல் குறி வந்தால் நகல் எடுக்கும் நிலைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். கோட்டில் கிளிக் செய்து, மேல் அம்புக்குறியைத் தட்டி, மேலே இழுத்து 7" என்று கொடுத்து என்டர் தட்டவும். உடனே, வேறு எதையும் தொடாமல், 9 என்று அடித்து அதை ஒட்டி எக்ஸ் எழுத்தையும் அடித்து என்டர் தட்டவும். ஒன்பது நகல்கள் அடுக்கடுக்காக வந்து நிற்கும். மொத்தம் பத்துக் கோடுகள்.

இப்போது லைன் கருவி. ஒவ்வொரு புள்ளிக் கோடும் இடது சரிவைத் தொடும் இடத்தில் கிளிக் செய்து, வலது சரிவைத் தொடும் இடத்தில் முடிக்கவும். பத்து முறை இதைச் செய்தால் முக்கோணம் பதினோரு பட்டைகளாகப் பிரிந்துவிடும். கடைசிப் பட்டை உச்சியில் 2 அங்குல உயரத்தில் குட்டி முக்கோணமாக நிற்கும். வேலை முடிந்ததும் வழிகாட்டிக் கோடுகளை அழித்து விடலாம்.

கோடு ஒன்றைத் தேர்ந்தெடுத்து என்டிட்டி இன்போ பகுதியைத் திறந்தால் அதன் நீளம் தெரியும். அடிக்கோடு 24 அடி. அடுத்தது 21 அடி 8 அங்குலம். அதற்கடுத்தது 19 அடி 4 அங்குலம். ஒவ்வொரு வரிசைக்கும் 2 அடி 4 அங்குலம் குறைந்து கொண்டே போய், உச்சியில் 8 அங்குலத்தில் முடியும். 7 அங்குலம் ஏறினால் ஒரு பக்கம் 14 அங்குலம் உள்ளே வரும். இரு பக்கமும் சேர்ந்து 28 அங்குலம். கணக்கு சரியாக இருக்கிறதா என்று சோதிக்க இதுவே எளிய வழி. எந்த வரிசையாவது இந்த ஒழுங்கில் வரவில்லை என்றால் ஒரு கோடு தவறான புள்ளியில் முடிந்திருக்கிறது.

பலகைக் கணக்கு

பதினோரு வரிசைகளின் நீளத்தையும் கூட்டினால் 1,628 அங்குலம் வருகிறது. 12 அடிப் பலகை 144 அங்குலம். ஆக 11 பலகைக்கு மேல், அதாவது 12 பலகை. வெட்டிய துண்டுகளை மேல் வரிசைகளில் திரும்பப் பயன்படுத்தினால் உண்மையிலேயே 12 பலகைகளில் ஒரு முக்கோணம் முடிகிறது. காகிதத்தில் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தே சொல்கிறேன்.

இதையே பரப்பளவை வைத்துப் போட்டால் என்ன வரும்? 24 அடி அடிப்பக்கம், 6 அடி உயரம். முக்கோணம் 72 சதுர அடி. ஒரு பலகை 7 சதுர அடியை மூடும். 11 பலகை என்று வரும். ஒன்று குறைகிறது. சரிவாக வெட்டும் போது முனையில் வீணாகும் துண்டு பரப்பளவுக் கணக்கில் தெரியாது. இன்னொரு பக்கம், முக்கோணத்தைக் கவனிக்காமல் 24க்கு 6 என்று செவ்வகமாகக் கணக்குப் போடுபவர்களும் உண்டு. அவர்களுக்கு 21 பலகை வரும். வீட்டுக்கு இரண்டு முனை என்பதால் 24 வாங்க வேண்டிய இடத்தில் 42 வாங்கி வைப்பார்கள். உடைசலுக்கும் தவறாக வெட்டுவதற்கும் 10 சதவீதம் கூட்டிக் கொள்வது வழக்கம். அப்படியானால் இரு முனைக்கும் 27 பலகை.

ஆறாவது வரிசையைப் பாருங்கள். நீளம் 148 அங்குலம். பலகையை விட வெறும் 4 அங்குலம் அதிகம். முழுப் பலகையை அடித்துவிட்டு 4 அங்குலத் துண்டை ஓரத்தில் ஒட்ட வைப்பது அசிங்கமாக இருக்கும். சரிவாக வெட்டினால் அந்தத் துண்டே நிற்காது. நடுவில் இணைப்பு வரும்படி 74 அங்குலத்தில் இரண்டு துண்டாக வெட்டிக் கொள்வதே சரி. அப்படிச் செய்தாலும் மொத்தம் 12 பலகைதான் ஆகிறது. இந்த மாதிரி விஷயங்களை ஏணி மேல் நின்று கொண்டு கண்டுபிடிப்பதை விட நாற்காலியில் உட்கார்ந்து கண்டுபிடிப்பது மேல். ஒரு வரிசையின் இணைப்பும் அதற்கு மேல் வரிசையின் இணைப்பும் ஒரே நேர்கோட்டில் வராதபடியும் பார்த்துக் கொள்ள வேண்டும்.

காற்றுக்காக முக்கோணத்தில் ஒரு வென்ட் வைப்பது வழக்கம். அதன் பரப்பளவைக் கழித்துப் பலகையைக் குறைக்க வேண்டாம். வட்டமாக வெட்டி எடுத்த துண்டை வேறு எங்கும் பயன்படுத்த முடியாது.

சரிவை மட்டும் மாற்றிப் பார்க்கவும் ஒரு முறை முயலுங்கள். 8க்கு 12 என்றால் உச்சி 8 அடி உயரும். பரப்பு 96 சதுர அடி ஆகும். 14 வரிசை வேண்டும். சரிவு எண்ணைத் தவறாகப் படித்தால் பலகையில் மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம் வந்துவிடும். அதனால்தான் தொடக்கத்தில் அந்த 6 அடியைக் குறித்துக் கொள்ளச் சொன்னேன். வெட்டும் கோணமும் இதிலிருந்தே வருகிறது. 6க்கு 12 சரிவுக்கு 26.57 டிகிரி. சரிவு விளிம்பைத் தேர்ந்தெடுத்தால் நீளம் ஏறக்குறைய 13 அடி 5 அங்குலம் என்று காட்டும். ஓரத்தில் அடிக்கும் சட்டப் பலகைக்கு இந்த அளவு தேவைப்படும்.

பலகைக்குப் பருமன் வேண்டுமா?

இதுவரை வரைந்தது தட்டையான கோடுகள். நிழல் விழும் நிஜமான பலகை வேண்டும் என்பவர்கள் இன்னும் ஒரு படி போகலாம். முதலில் வீடு முழுவதையும் மூன்று முறை கிளிக் செய்து தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து மேக் குரூப் கொடுத்துவிடவும். ஸ்கெட்ச்அப்பில் தொட்டுக் கொண்டிருக்கும் கோடுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கொள்ளும். பிறகு ஒன்றை இழுத்தால் மற்றதும் வரும். குரூப் செய்வது அந்த ஒட்டுதலைத் தடுக்கும்.

அடுத்து இடது மூலையில், முக்கோணம் தொடங்கும் புள்ளியிலிருந்து லைன் கருவியால் 7 அங்குலம் மேலே சென்று, அங்கிருந்து சாய்வாகக் கீழே இறங்கி, சுவரிலிருந்து அரை அங்குலம் வெளியே வந்து, மீண்டும் தொடங்கிய புள்ளியில் முடிக்கவும். ஆப்பு போன்ற ஒரு மெல்லிய முக்கோணம் கிடைக்கும். அதைப் புஷ்/புல்லால் 24 அடி இழுத்தால் ஒரு பலகை. இதை ஏழு ஏழு அங்குலமாகப் பத்து நகல் எடுக்கவும். இரு ஓரங்களிலும் பலகைகள் கூரைக்கு வெளியே நீட்டிக் கொண்டிருக்கும். சரிவின் இரு முனைகளிலிருந்தும் ஒரு அடி முன்னால் கோடு இழுத்து அவற்றை இணைத்தால் கூரை சற்றே வெளியே நீளும். இரு பக்கமும் இப்படிச் செய்த பின்னர் பலகைகளைத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து, இன்டர்செக்ட் பேஸஸ் என்பதில் வித் மாடல் கொடுக்கவும். கூரை பலகையை வெட்டும் இடத்தில் கோடு விழும். வெளியே இருக்கும் பகுதிகளைத் தேர்ந்தெடுத்து டெலீட் செய்யலாம். இதற்குப் பொறுமை வேண்டும். முதல் மாதத்திலேயே இதில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. கணக்குக்குத் தட்டைக் கோடுகளே போதும்.

கீழே செங்கல், மேலே பலகை

இந்தக் கலவையை வரைபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க மர வீட்டில் செங்கல் என்பது சட்டத்திற்கு வெளியே, சிறு காற்று இடைவெளி விட்டுக் கட்டப்படும் தோல் போன்றது. இடைவெளியும் சேர்த்து ஏறக்குறைய நாலரை அங்குலம் வெளியே துருத்தும். மேலே முக்கோணத்தில் பலகை சட்டத்தோடு ஒட்டி இருக்கும். ஆகவே செங்கல் முடியும் இடத்தில் ஒரு படி உருவாகும். அந்தப் படியில் மழைநீர் தேங்கினால் மரச் சட்டத்திற்குள் போய் ஊறிவிடும். வெளியே தெரியாமல் வருடக்கணக்கில் அழுகும்.

நீங்கள் ஒரே பரப்பைக் கோடு போட்டுப் பிரித்து, கீழே செங்கல் படமும் மேலே பலகைப் படமும் ஒட்டினால், இந்தப் படி உங்கள் படத்தில் இருக்கவே இருக்காது. பார்ப்பவரும் அப்படி ஒன்று இருப்பதாக நினைக்க மாட்டார். ஆகவே கீழ்ச் செவ்வகத்தைப் புஷ்/புல்லால் நாலரை அங்குலம் வெளியே இழுத்துவிடுங்கள். படி கண் முன்னே வந்து நிற்கும். அதன் மேல் சரிவான கல் வைப்பதா, முக்கோணச் சட்டத்தையே முன்னால் தள்ளிக் கட்டுவதா என்று அப்போதுதான் பேச்சு தொடங்கும். எதைச் செய்தாலும் பலகையின் அடியில், தண்ணீரை வெளியே தள்ளும் பிளாஷிங் என்ற மடக்கிய உலோகத் தகடு வர வேண்டும். சீஃப் ஆர்க்கிடெக்ட் போன்ற புரோகிராம்களில் அட்டிக் சுவரை மாற்றும் போது கீழ்ச் சுவரின் வெளி முகத்தோடு அல்ல, மரச் சட்டத்தோடு அது நேராக நிற்கிறதா என்று மேலிருந்து பார்த்துச் சரி செய்து கொள்ளுங்கள்.

வினைல் சைடிங் என்றால் வேறு ஒரு கவனம் தேவை. வெப்பத்தில் இது நன்றாக நீளும். பன்னிரண்டரை அடிப் பலகை அரை அங்குலம் வரை நீண்டு சுருங்கும். ஆகவே ஆணியை இறுக்கி அடிக்காமல், நீளத் துளையின் நடுவில் தளர்வாக அடிப்பார்கள். சரிவு ஓரத்தில் ஜே வடிவச் சட்டம் ஒன்றை முதலில் பொருத்தி, அதற்குள் பலகையின் முனையைக் கால் அங்குலம் இடைவெளி விட்டுச் செருகுவார்கள். உச்சியில் உள்ள கடைசித் துண்டில் மட்டும்தான் பலகையின் முகத்திலேயே ஆணி அடிப்பார்கள். வினைல் என்று முடிவானால், வரைபடத்தில் சரிவு விளிம்பு நெடுகிலும் அந்த ஜே சட்டத்தையும் காட்டி, 13 அடி 5 அங்குலம் வீதம் இரண்டு என்று பட்டியலில் சேர்த்து விடுங்கள். விட்டுப் போகும் பொருள்களில் இதற்குத்தான் முதலிடம்.

முக்கோணம் அலங்காரத்திற்கு மட்டும் இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. 1992 ஆகஸ்டில் புளோரிடாவைத் தாக்கிய ஆண்ட்ரூ சூறாவளியில், உள்ளே போதிய தாங்கு சட்டம் இல்லாத கேபிள் முனைகள் பல காற்றின் வேகத்தில் சரிந்தன. முனை போனால் கூரையும் ஆட்டம் காணும். பலகை அந்தக் காற்றைத் தாங்குவதில்லை; பின்னால் உள்ள சட்டமும் அதைக் கூரையோடு கட்டும் தாங்கு மரங்களுமே தாங்குகின்றன. உங்கள் மாடலில் இவை எதுவும் இல்லை. ஆகவே அதை வைத்துக் கட்டலாமா என்று யாராவது கேட்டால், அளவுக்கும் பார்வைக்கும்தான் இது, சட்டத்தின் வலிமையைப் பொறியாளர் ஒருவர் பார்க்க வேண்டும் என்று சொல்லி விடுங்கள்.

வரைந்ததைச் சேமிப்பது பற்றி ஒரு வார்த்தை. இலவச ஸ்கெட்ச்அப்பில் பைல் உங்கள் ஹார்ட் டிஸ்கில் இல்லாமல், இன்டர்நெட்டில் உங்கள் அக்கவுண்டுக்குரிய இடத்தில் பதியும். டவுன்லோட் கட்டளை மூலம் ஒரு பிரதியை உங்கள் கம்ப்யூட்டருக்கும் இறக்கி வைத்துக் கொள்ளுங்கள். பைலின் பெயரில் கூரைச் சரிவையும் சேர்த்து வையுங்கள். 6க்கு 12, 8க்கு 12 என்று இரண்டு பைல்கள் ஒரே மாதிரிப் பெயரில் இருந்தால், எந்தப் பைலை வைத்துப் பலகைக்கு ஆர்டர் கொடுத்தோம் என்று பிறகு தேட வேண்டியிருக்கும்.